கழுத்துல இருக்கிறது அழுக்கு இல்லைங்க... குழந்தைகளோட உடல் பருமன் ஏன் கூடிக்கிட்டே போகுது?

போன பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையிலேயே பாத்ரூம்ல ஒரே சத்தம். அக்கா பையனைக் குளிப்பாட்ட எங்கம்மா உள்ள போயிருந்தாங்க. "எத்தனை நாளா இந்த அழுக்கைச் சேர்த்து வெச்சிருக்க? தேய்க்கத் தேய்க்கப் போக மாட்டேங்குதே"ன்னு பீர்க்கங்காய் நாரை வெச்சு அவன் பின்கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. அவன், "விடு பாட்டி, வலிக்குது"ன்னு கத்துறான். பத்து வயசுப் பையன். கழுத்தைச் சுத்தி ஒரு கறுப்புப் பட்டை, வெல்வெட் துணி மாதிரி கொஞ்சம் தடிப்பா.

பாசிப்பயறு மாவு, தயிர், எலுமிச்சைன்னு ஒரு மாசமா எல்லாம் போட்டுப் பார்த்தாச்சாம். அடுத்த வாரம் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போதான் விஷயமே வெளிய வந்துச்சு. அவர் தொண்டையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கழுத்தைப் பார்த்தார். எடை பார்த்தார், உயரம் அளந்தார். "இது அழுக்கு இல்லம்மா. உடம்புக்குள்ள இன்சுலின் அதிகமா சுரக்குறதுக்கான அடையாளம். எடையைத்தான் கவனிக்கணும்"னு சொல்லியிருக்கார்.

அன்னிக்கு ராத்திரி அக்கா எனக்குப் போன் பண்ணா. "நல்லா சாப்பிடட்டும்னுதானடி போட்டேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட உடனே பதில் இல்ல. ஸ்கூல் படிக்கிறப்போ கிளாஸ்லயே குண்டான பொண்ணு நான்தான். பென்ச்ல எனக்குப் பக்கத்துல உட்கார்ந்தா இடம் பத்தாதுன்னு ஒரு டீச்சரே எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால இந்த டாபிக்கை நான் ரொம்ப நாளா தொடாமலே இருந்தேன். அக்கா கேட்டதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்லிடுறேன். ஏன்னா, இது அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்ல.

எண்கள் என்ன சொல்லுது?

யுனிசெஃப் அமைப்பு 2025 செப்டம்பர்ல ஓர் அறிக்கை வெளியிட்டுச்சு. 5 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல, உலக அளவில எடை குறைவா இருக்கிறவங்க 9.2 சதவிகிதம். உடல் பருமனோட இருக்கிறவங்க 9.4 சதவிகிதம். அதாவது, வரலாற்றுல முதல்முறையா பருமன் முந்திடுச்சு. 2000-ம் ஆண்டுல இது அப்படியே தலைகீழா இருந்துச்சு. எடை குறைவு கிட்டத்தட்ட 13 சதவிகிதம், பருமன் வெறும் 3 சதவிகிதம். ஒரே தலைமுறையில இவ்வளவு மாற்றம்!

ஒண்ணைக் கவனிக்கணும். தெற்காசியாவிலும், சஹாராவுக்குத் தெற்கே இருக்கிற ஆப்பிரிக்காவிலும் மட்டும் இன்னும் எடை குறைவான பிள்ளைகள்தான் அதிகம். நாம இருக்கிறது தெற்காசியா. அப்போ நமக்குக் கவலை இல்லையான்னு கேட்டா, இங்கேதான் சிக்கல். நமக்கு ரெண்டு பிரச்னையும் ஒரே நேரத்துல இருக்கு.

2024-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்த உலகளாவிய ஆய்வுப்படி, 1990-ல இந்தியாவுல 5-19 வயசுல உடல் பருமனோட இருந்தவங்க சுமார் 4 லட்சம் பேர். 2022-ல அது 1.25 கோடி. இதுல பையன்கள் 73 லட்சம், பெண் பிள்ளைகள் 52 லட்சம். இது 'ஓவர்வெயிட்' கணக்கு இல்ல, அதையும் தாண்டின 'ஒபிசிட்டி' கணக்கு மட்டும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், 51 பள்ளிகள்ல 6-17 வயசுள்ள கிட்டத்தட்ட 19,000 மாணவர்களை வெச்சு ஓர் ஆய்வு செஞ்சாங்க. 2014-ல முடிவுகள் வெளியாச்சு. சர்வதேச அளவுகோல்படி, தனியார் பள்ளிகள்ல 21.4 சதவிகிதப் பிள்ளைகள் அதிக எடை அல்லது உடல் பருமனோட இருந்தாங்க. அரசுப் பள்ளிகள்ல 3.6 சதவிகிதம்தான். ஒரே ஊர், ஒரே வெயில். ஆனா, பள்ளி மாறினா கணக்கு ஆறு மடங்கு மாறுது.

இந்த ஒரு வித்தியாசமே அக்காவுக்கான பாதி பதில். தனியார் பள்ளியில பிள்ளையைப் படிக்க வைக்கிற அம்மாக்கள் எல்லாரும் அக்கறை இல்லாதவங்களா? அரசுப் பள்ளி அம்மாக்கள் எல்லாரும் நியூட்ரிஷன் படிச்சவங்களா? ரெண்டும் இல்ல. கையில இருக்கிற காசு, வேன்ல போறது, பாக்கெட் மணி, டியூஷன், வீட்ல இருக்கிற ஸ்கிரீன்னு வாழுற சூழலே வேற. பிள்ளைங்க உடம்பு அந்தச் சூழலைத்தான் காட்டுது.

பெரியவங்க பி.எம்.ஐ கணக்கை குழந்தைக்குப் போடாதீங்க!

எடையை (கிலோவில்) உயரத்தோட வர்க்கத்தால (மீட்டர்ல) வகுத்தா பி.எம்.ஐ. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா, நெட்ல இருக்கிற சாதாரண பி.எம்.ஐ கால்குலேட்டர்ல குழந்தையோட எடையைப் போட்டுப் பார்த்துட்டு 'நார்மல்'னு நிம்மதியாயிடுறோம். அங்கேதான் தப்பு நடக்குது.

ஓர் உதாரணம். 10 வயசுப் பையன், உயரம் 140 செ.மீ, எடை 44 கிலோ. பி.எம்.ஐ 22.4 வரும். பெரியவங்களா இருந்தா இது நார்மல். ஆனா, உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி 10 வயசுப் பையனுக்கு நடு அளவு 16.4. 18.5-ஐத் தாண்டினா அதிக எடை. 21.4-ஐத் தாண்டினா உடல் பருமன். அதாவது, கால்குலேட்டர் 'ஓகே' சொன்ன பையன், உண்மையில பருமன் எல்லையைத் தாண்டி நிக்கிறான்.

குழந்தைகளுக்கு வயசும் பாலினமும் சேர்த்துத்தான் பார்க்கணும். இந்தியக் குழந்தைகளுக்குன்னே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல தனி வளர்ச்சி அட்டவணை வெளியிட்டிருக்கு. அதுல எல்லைக்கோடு இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும். காரணம், நம்ம ஆட்களோட உடம்பு வாகு.

இதுக்கு ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் ஆராய்ச்சியாளர்கள். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ ஒண்ணுதான், 22.3. ஆனா உடம்புல இருக்கிற கொழுப்பை அளந்தா, யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! ரெண்டு பேரோட போட்டோவையும் போட்டு 2004-ல லான்செட்ல இதை எழுதினாங்க. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. இந்த வாகு நமக்குப் பிறக்கும்போதே இருக்குன்னு யாஜ்னிக்கோட ஆய்வுகள் காட்டுச்சு. அதனால, 'எங்க பிள்ளை அவ்ளோ ஒண்ணும் குண்டு இல்லையே'ங்கிற கண் கணக்கு நம்ம ஊருக்குச் செட் ஆகாது.

வீட்லயே பார்க்க ஒரு எளிய வழி: டெய்லர் டேப் எடுத்து இடுப்புச் சுற்றளவை அளங்க. அது உயரத்துல பாதிக்கும் குறைவா இருக்கணும். 140 செ.மீ உயரம்னா, இடுப்பு 70-க்குள்ள. தாண்டினா ஒருமுறை குழந்தை மருத்துவரைப் பார்க்கிறது நல்லது.

ஏன் எடை கூடுது?

'நிறைய தின்னான், ஓடி ஆடல'ன்னு ஒரே வரியில முடிக்கிற விஷயம் இல்ல இது. ஒண்ணொண்ணா பார்க்கலாம்.

வயித்துல இருக்கும்போதே...

கர்ப்ப காலத்துல அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தா, அதிகப்படியான சர்க்கரை குழந்தைக்கும் போகும். பின்னாடி எடை கூடுறதுக்கான வாய்ப்பு அப்பவே கொஞ்சம் கூடிடும். இதுக்கு நேர் எதிரான நிலையும் ஆபத்துதான். எடை குறைவா பிறந்த குழந்தையை 'தேத்துறேன்'னு வேகவேகமா எடை கூட்டினா, அந்த எடை தசையாவைவிட கொழுப்பா சேர்ற வாய்ப்பு அதிகம். எங்க அக்கா பையன் பிறந்தப்போ 2.3 கிலோ. 'இளைச்ச பிள்ளை'ன்னு மொத்தக் குடும்பமும் சேர்ந்து ஊட்டின ஊட்டு எனக்குத்தானே தெரியும்!

இன்னொரு முக்கியமான கட்டம் இருக்கு. முதல் வயசுல குண்டா இருக்கிற குழந்தை, நடக்க ஆரம்பிச்சதும் மெலியும். இது இயல்பு. அஞ்சு, ஆறு வயசுவாக்குல திரும்பவும் பி.எம்.ஐ ஏற ஆரம்பிக்கும். இந்த ஏற்றம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குதோ, பின்னாடி பருமன் ஆகுற வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? 3 வயசுல பிள்ளை மெலிஞ்சதும் 'இளைச்சுப் போயிட்டான், என்னதான் கொடுக்கிற?'ன்னு சொந்தக்காரங்க கேட்க, அம்மா பதற, டப்பா பவுடர் வீட்டுக்குள்ள வருது. இயல்பா மெலிய வேண்டிய வயசுல மெலிய விட மாட்டேங்கிறோம்.

ஜீன் மேல மட்டும் பழி போட முடியுமா?

அப்பா, அம்மா ரெண்டு பேரும் பருமனா இருந்தா, பிள்ளைக்கும் வாய்ப்பு அதிகம். பசியையும், 'போதும்'ங்கிற உணர்வையும் தீர்மானிக்கிறதுல ஜீன்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஒரே வீட்ல, ஒரே சாப்பாட்டுல அண்ணன் ஒல்லியா, தங்கச்சி குண்டா இருக்கிறது இதனாலதான். ஆனா, 30 வருஷத்துல நம்ம ஜீன் மாறிடல. 4 லட்சம் 1.25 கோடி ஆனதுக்கு ஜீன் காரணமா இருக்க முடியாது. காய்ஞ்ச சருகு அப்பவும் இருந்துச்சு, நெருப்புதான் இப்போ புதுசு.

தைராய்டு, ஸ்டீராய்டு மருந்து மாதிரி மருத்துவக் காரணங்களும் உண்டு. ஆனா அது குறைவு. டாக்டர்கள் பார்க்கிற ஒரு அடையாளம், உயரம். அதிக கலோரியால எடை கூடின பிள்ளைகள் பெரும்பாலும் வயசுக்கு மீறின உயரமா இருப்பாங்க. ஹார்மோன் பிரச்னைன்னா எடை கூடும், உயரம் நின்னுடும். உங்க பிள்ளை குட்டையாவும் குண்டாவும் இருந்தா, அதைக் கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

தட்டுல என்ன இருக்கு?

200 கிராம் சோறு சாப்பிட்டா வயிறு நிறையுது. ஆனா அதே கலோரியை ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு ஜூஸும் கொடுத்துட்டுப் போயிடும், வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்காது.

அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 2019-ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. 20 பேரை ஆய்வகத்துலயே தங்க வெச்சு, ரெண்டு வாரம் பாக்கெட் உணவுகள், ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச உணவுகள் கொடுத்தாங்க. ரெண்டுலயும் பரிமாறினதுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். 'எவ்வளவு வேணுமோ சாப்பிடுங்க'ன்னு விட்டாங்க. பாக்கெட் உணவு கொடுத்த வாரங்கள்ல ஒருத்தர் தினமும் சுமார் 500 கலோரி அதிகமா சாப்பிட்டாங்க. எடையும் கிட்டத்தட்ட 1 கிலோ கூடுச்சு. இது பெரியவங்ககிட்ட நடந்த சோதனை. ஆனா, நல்லது கெட்டது தெரிஞ்ச பெரியவங்களே நிறுத்த முடியாம சாப்பிட்டாங்கன்னா, எட்டு வயசுப் பிள்ளைகிட்ட 'உனக்குக் கன்ட்ரோலே இல்ல'ன்னு திட்டுறது நியாயமா?

சர்க்கரைக் கணக்கையும் பார்த்துடுவோம். ஒரு நாள்ல எடுத்துக்கிற மொத்தக் கலோரியில, சேர்க்கப்படுற சர்க்கரை 10 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவிகிதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுங்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுற பிள்ளைக்கு 5 சதவிகிதம்னா 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன். 250 மி.லி கூல்டிரிங்க்ஸ் ஒண்ணுலயே கிட்டத்தட்ட இவ்வளவு இருக்கு. பழத்தைப் பிழிஞ்சு எடுத்த ஜூஸ்ல இருக்கிற சர்க்கரையும் இந்தக் கணக்குலதான் வரும். முழுப் பழமா சாப்பிட்டா வராது. அதனால ஆரஞ்சை உரிச்சுக் கொடுங்க, பிழிஞ்சு கொடுக்காதீங்க.

அப்புறம், பால்ல கலக்குற அந்தப் பவுடர். 2024 ஏப்ரல்ல ஒன்றிய வர்த்தக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலேர்ந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்துச்சு. காரணம், நம்ம உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே கிடையாது. இத்தனை வருஷம் நாம அந்தப் பேரை நம்பித்தான் வாங்கிட்டு இருந்தோம். டப்பாவைத் திருப்பி, 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரைன்னு ஒருமுறை படிச்சுப் பாருங்க.

விளையாட இடம் எங்க?

5-17 வயசுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு ஓட்டம், ஆட்டம் வேணும். எங்க தெருவுல நாங்க இதை நிமிஷக் கணக்குல எண்ணல. ஸ்கூல் விட்டு வந்தா பையைத் தூக்கிப் போட்டுட்டு, இருட்டுற வரைக்கும் நொண்டி, ஓடிப்பிடிச்சு, கல்லா மண்ணான்னு போகும். நான் குண்டா இருந்தும் அதுல எல்லாத்துலயும் இருந்தேன்.

அக்கா இருக்கிறது நாலாவது மாடி. கீழே கார் பார்க்கிங். பந்து காரில் பட்டா சண்டை. வெளிய ரோட்ல டூவீலர் பறக்குது. ஸ்கூல்ல பி.டி பீரியட்னு டைம்டேபிள்ல இருக்கு. ஆனா அதை மேத்ஸ் சார் வாங்கிப்பார். சாயங்காலம் ட்யூஷன், அபாகஸ், இந்தி. ஓடுறதுக்குன்னு அவன் நாள்ல ஒரு கட்டமே இல்ல.

ஸ்கிரீனும் தூக்கமும்

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டின காலம் போய், ரைம்ஸைக் காட்டி ஊட்டுற காலம். ஸ்கிரீன் பார்த்துக்கிட்டே சாப்பிடும்போது 'போதும்'னு வயிறு அனுப்புற சிக்னலைக் கவனிக்கிறதே இல்ல. கூடவே வர்ற விளம்பரங்கள் பெரும்பாலும் சாக்லேட், நூடுல்ஸ், சிப்ஸ். 1 வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், 2-4 வயசுல ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு.

தூக்கத்தை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல. 6-12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13-18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேணும். தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டுற கிரெலின் கூடும், 'போதும்'னு சொல்ற லெப்டின் குறையும். மறுநாள் களைப்பா இருக்கிறதால ஓடவும் தோணாது, இனிப்புதான் கேட்கத் தோணும். ராத்திரி 11 மணிக்குத் தூங்கி, காலையில 6.45 வேனுக்குக் கிளம்புற பிள்ளைக்கு எங்கேர்ந்து 9 மணி நேரம் வரும்?

பாசம்ங்கிற பேர்ல...

தட்டுல வெச்சதை மிச்சம் வைக்கக் கூடாது. அழுதா சாக்லேட். மார்க் வாங்கினா பீட்ஸா. விருந்தாளி வந்தா கையில பிஸ்கட் பாக்கெட். 'பசி எடுத்தா சாப்பிடு, நிறைஞ்சா நிறுத்து'ங்கிறதுதான் உடம்போட விதி. அதை நாம சின்ன வயசுலேயே மாத்தி எழுதிடுறோம். இதுல யாரும் கெட்டவங்க இல்ல. பஞ்சத்தையும் பசியையும் பார்த்த தலைமுறை, கொழுகொழுன்னு இருக்கிற பேரனைப் பார்த்துத்தான் நிம்மதியாகுது.

சரி, கொஞ்சம் எடை இருந்தா என்ன?

'வளர்ந்தா சரியாயிடும்'னு சொல்லுவாங்க. சில பேருக்கு ஆகும். ஆனா 2016-ல வெளியான ஒரு தொகுப்பு ஆய்வுல, பருமனான குழந்தைகள்ல சுமார் 55 சதவிகிதம் பேர் டீன்ஏஜ்லயும் பருமனாவே இருந்தாங்க. பருமனான டீன்ஏஜர்கள்ல சுமார் 80 சதவிகிதம் பேர் பெரியவங்களானப்பவும் அப்படியே இருந்தாங்க. வயசு ஏற ஏற வெளிய வர்றது கஷ்டமாகுது.

அந்தக் கழுத்துக் கருமைக்கு மருத்துவப் பேர் 'அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ்'. உடம்புல கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியா வேலை செய்யாது. அதை ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமா சுரக்கும். அந்த அதிக இன்சுலின் தோல் செல்களைத் தூண்டி கழுத்து, அக்குள் மடிப்புகள்ல தடிப்பும் கருமையும் உண்டாக்கும். தேய்ச்சா புண்ணாகுமே தவிர போகாது. கவனிக்காம விட்டா, நடுத்தர வயசுல வர்ற டைப் 2 சர்க்கரை நோய் டீன்ஏஜ்லயே வரலாம். கல்லீரல்ல கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, தூக்கத்துல குறட்டையோட மூச்சு தடைப்படுறது, பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயசுக்கு வர்றது, அப்புறம் பீரியட்ஸ் ஒழுங்கில்லாம போறதுன்னு லிஸ்ட் நீளும்.

தமிழ்நாட்டுல ஏற்கெனவே 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி 15-49 வயசுப் பெண்கள்ல 40.4 சதவிகிதம் பேரும், ஆண்கள்ல 37 சதவிகிதம் பேரும் அதிக எடையோட இருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஆய்வுல இது 30.9, 28.2. இன்னிக்குப் பிள்ளைகள் நாளைக்கு இந்தக் கணக்குலதான் வந்து சேருவாங்க.

அப்போ ஏழைக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இல்லையா? 3.6 சதவிகிதம்னு பார்த்தோமே, அது அப்படியே இருக்கும்னு நினைக்க முடியாது. 5 ரூபாய், 10 ரூபாய்ப் பாக்கெட்டுகள் தொங்காத கடை எந்தக் கிராமத்துலயாவது இருக்கா? வேலைக்குப் போற அம்மாவுக்கு, பழம் வாங்குறதைவிட பாக்கெட் வாங்கிக் கொடுக்கிறது மலிவு. பணக்கார நாடுகள்ல இன்னிக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் பருமனா இருக்காங்க. நம்ம அரசுப் பள்ளிகள்ல மதியம் முட்டையோட சத்துணவு இருக்கு, 2022-ல தொடங்கின காலை உணவுத் திட்டத்துல உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் இருக்கு. பசியைப் போக்க வந்த இந்தத் தட்டு, பாக்கெட்டுக்கு எதிரான தடுப்பாவும் இருக்கிறது நமக்குக் கிடைச்ச போனஸ்.

என்ன செய்யலாம்?

முதல்ல, பிள்ளையை டயட்ல போடாதீங்க. எனக்கு 12 வயசுல ராத்திரிச் சோறைக் கட் பண்ணாங்க. எல்லாரும் தூங்கினதும் எழுந்து டப்பாவுல இருக்கிற முறுக்கைச் சத்தம் வராம கடிச்சுத் தின்ன நாள்கள் நிறைய. எடை குறையல, திருட்டுத்தனம்தான் கூடுச்சு. வளர்ற பிள்ளைகள்ல பலருக்கு எடையைக் குறைக்கணும்கிற அவசியமே இல்ல. எடை ஏறாம நிறுத்தினா போதும், உயரம் கூடக் கூட பி.எம்.ஐ தானா இறங்கும். யாருக்கு எவ்வளவுங்கிறதை டாக்டர் சொல்லட்டும்.

மாற்றம் மொத்த வீட்டுக்கும் நடக்கணும். அண்ணனுக்கு சிப்ஸ், தம்பிக்கு வெள்ளரிக்காய்னா அது தண்டனை. பாக்கெட்டை வீட்டுக்குள்ள வாங்கி வைக்காதீங்க. வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம், அவிச்ச கிழங்குன்னு கண்ணுல படுற இடத்துல வைங்க. தாகத்துக்குத் தண்ணி, மோர். சாப்பிடும்போது டி.வி, போன் ரெண்டும் ஆஃப், அப்பாவோட போனும் சேர்த்துத்தான். தட்டுல கொஞ்சமா வெச்சு, வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும். தூங்குற நேரத்தை அரை மணி நேரம் முன்னாடி இழுங்க.

வீட்டால மட்டும் முடியாததும் இருக்கு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்துலயும், கேட்டிலேர்ந்து 50 மீட்டருக்குள்ளயும் விற்கக் கூடாதுன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2020-லயே விதி கொண்டு வந்துச்சு. உங்க பிள்ளையோட ஸ்கூல் கேன்டீன்ல என்ன விற்கிறாங்கன்னு பாருங்க. எந்த உணவுல எவ்வளவு சர்க்கரைன்னு காட்டுற 'சுகர் போர்டு' வைக்கச் சொல்லி 2025 மே மாசம் சி.பி.எஸ்.இ தன் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கு. இருக்கான்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேளுங்க.

சிலி நாட்டுல 2016-ல 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்'னு பாக்கெட் முன்பக்கமே பெரிய கறுப்பு முத்திரை போட வெச்சாங்க. அந்த உணவுகளுக்குக் குழந்தைகளைக் குறிவெச்ச விளம்பரத்தையும், பள்ளியில விற்பனையையும் தடை பண்ணாங்க. ஒன்றரை வருஷத்துல முத்திரை போட்ட பானங்களை மக்கள் வாங்குறது சுமார் 24 சதவிகிதம் குறைஞ்சது. சட்டம் மாறினா பழக்கமும் மாறும்கிறதுக்கு இது ஓர் உதாரணம்.

கடைசியா, அந்த ஒரு வார்த்தை. 'குண்டு', 'பூசணிக்கா', 'பப்ளி'... செல்லமாக்கூட வேண்டாம். கேலி பண்ணினா எடை குறையாது. கேலிக்குள்ளாகுற பிள்ளைகள் ஆறுதலுக்கு இன்னும் அதிகமா சாப்பிடுறதும், விளையாட்டிலேர்ந்து ஒதுங்குறதும்தான் நடக்கும். 28 வயசுல, ஒரு டீச்சரோட சிரிப்பை நான் இன்னும் மறக்கல. அதை வெச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இப்போ அக்கா வீட்ல...

இதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டு அக்காவுக்குப் போன் பண்ணேன். "நீ ஒரு தப்பும் பண்ணலக்கா. 1.25 கோடி வீட்லயும் அம்மாக்கள் ஒரே நேரத்துல தப்பு பண்ண முடியாது. சுத்தி இருக்கிறதுதான் மாறியிருக்கு. ஆனா, அதுல கொஞ்சத்தை நம்மளால மாத்த முடியும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "சரி, அந்த பி.டி பீரியடை என்னடி பண்றது?"ன்னு கேட்டா.

அவளும் இன்னும் மூணு அம்மாக்களும் ஸ்கூலுக்குப் போய்க் கேட்டிருக்காங்க. வாரத்துல ரெண்டு பீரியட் திரும்பக் கிடைச்சிருக்கு. அவங்க அப்பார்ட்மென்ட்ல சாயங்காலம் 5 மணியிலேர்ந்து 6 மணி வரைக்கும் ஒரு பக்கம் கார் நிறுத்தக் கூடாதுன்னு பேசி முடிச்சிருக்காங்க. அது அவ்வளவு ஈஸியா நடக்கலையாம், ரெண்டு மீட்டிங் சண்டை.

போன வாரம் வீடியோ கால் பண்ணப்போ, "சித்தி, இன்னிக்கு நான் மூணு பேரை அவுட் பண்ணேன்"னு வேர்த்து விறுவிறுக்க வந்து நின்னான். எடை எவ்வளவுன்னு நான் கேட்கல. கழுத்துக் கருமை இன்னும் அப்படியேதான் இருக்கு, அது குறைய மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா, பாத்ரூம்ல அந்தப் பீர்க்கங்காய் நார் இப்போ இல்ல. அம்மாவே எடுத்துத் தூக்கிப் போட்டுட்டாங்களாம்.